எஸ்எஸ்ஸுக்கும் பித்தளைக்கும் ஒரே பேரல் எண்ணெய் போதுமா?

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எங்களிடம் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பல்சக்கரத்தில் பல் வெட்டும் ஒரு பழைய கியர் ஹாப்பிங் மெஷின், புதிதாக வாங்கிய, கணினியால் இயங்கும் ஒரு சிஎன்சி லேத் இருக்கின்றன. அரிசி ஆலை, நூற்பாலை உதிரிபாகங்கள்தான் வேலை. இஎன் 8 எஃகுப் பல்சக்கரம், பித்தளை புஷ் இரண்டும் வழக்கமானவை. இப்போது எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் எம் 8 (8 மில்லிமீட்டர்) மரை போடும் ஆர்டர் வந்திருக்கிறது. மரை வெட்டும் டேப் உடைந்துகொண்டே இருக்கிறது. வெட்டுமுனையைக் குளிர்விக்கப் போர்வெல் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டும் வெயிலில் நாறிப்போகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலை ஒரே பேரலாக வாங்கிவிடலாமா? எது நல்லது?"

ஒரே பேரல் வேண்டாம் தம்பி. உங்கள் வேலைக்கு இரண்டு எண்ணெய் தேவை. ஹாப்பிங் மெஷின் தொட்டிக்கு ஒன்று. எஸ்எஸ் மரைக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய கேன். சிஎன்சி லேத் தண்ணீர் கூலன்ட்டிலேயே ஓடட்டும். கடைக்குப் போனால் பிராண்டும் விலையும்தான் பேச்சில் வரும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்த எண்ணெயில் இருக்கும் கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்குமா, வைக்காதா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. பல உலோகங்கள் கலந்து வரும் பட்டறையில், எது நன்றாக வெட்டும் என்று பார்ப்பதற்கு முன்னால் எது எதைக் கெடுக்கும் என்று பார்த்துவிட வேண்டும்.

சிஎன்சியை ஏன் விலக்குகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குச் சூட்டை வாங்கிக்கொள்ளும் திறன் அதிகம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். தாது எண்ணெய்க்கு அதில் பாதிதான். சூட்டைக் கடத்துவதிலும் எண்ணெய் தண்ணீரில் கால் பங்குக்குக் கிட்டத்தட்டத்தான் வரும். 1880களில் அமெரிக்காவில் எஃப்.டபிள்யூ. டெய்லர் வெட்டுமுனையில் தாராளமாகத் தண்ணீரை ஊற்றியே வெட்டு வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டிக் காட்டினார். கார்பைடு இன்சர்ட் (கடினமான வெட்டுமுனைத் துண்டு) போட்டு வேகமாகக் கடையும் இடத்தில் பிரச்சினை சூடு. அங்கே தண்ணீர்தான் ராஜா. அதே இடத்தில் எண்ணெயை ஊற்றினால் புகையும், பனிபோல் மிதக்கும், மூடிய கதவுக்குள் தீப்பிடிக்கவும் கூடும். எண்ணெய்க்கென்றே அமைந்த சிஎன்சி மெஷின்களில் புகை உறிஞ்சியும் தீயணைப்பு ஏற்பாடும் இருக்கும். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணெய்க்கு உரிய இடம் மெதுவான, அழுத்தம் மிகுந்த வெட்டு. டேப், டை, ரீமர், பிரோச், கியர் பல் வெட்டும் ஹாப், ஆழத்துளை. இங்கே வேகம் குறைவு. ஆனால் சீவல் டூலின் முகத்தை நெருக்கித் தேய்த்துக்கொண்டு போகிறது. உலோகம் டூலில் ஒட்டுவதைத் தடுப்பதுதான் அங்கே வேலை. அதைத் தண்ணீரைவிட எண்ணெய் நன்றாகச் செய்யும்.

கூலன்ட் நாற்றத்துக்கு எண்ணெய் மருந்தல்ல. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கூலன்ட்டில் இருக்கும் சோப்போடு சேர்ந்து ஆடையாக மிதக்கும், கலவை பிரியும், மெஷின் பாதைகளிலிருந்து வழிந்து மேலே மிதக்கும் ஸ்லைடுவே ஆயில் காற்றை அடைத்துவிடும், அடியில் நாற்றக் கிருமி பெருகும். தாமிரபரணிக் குடிநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ கலந்து பாருங்கள். ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி அடர்த்தியை அளந்து ஊற்றுங்கள். மிதக்கும் எண்ணெயை வேலை முடிந்ததும் வழித்தெடுங்கள். தண்ணீர் ஆவியாகும் நம் ஊர் வெயிலில், அளக்காமல் ஊற்றுகிற பட்டறைகளில்தான் அந்த நாற்றம் நிரந்தரமாகிறது.

இனி உடையும் டேப்புக்கு வருவோம். எண்ணெய் மாற்றினால் மட்டும் அது தீராது. எஸ்எஸ் 304க்கு ஒரு குணம் உண்டு: தேய்த்தால் இறுகும். மழுங்கிய டிரில்லால் துளை போட்டால் துளையின் சுவர் கடினமாகிவிடும். பிறகு வருகிற டேப் அந்தக் கடினத் தோலோடு மோதித்தான் உடைகிறது. எனவே டிரில்லை முதலில் தீட்டுங்கள். துளையில் டிரில் சும்மா நின்று சுழலக்கூடாது; அழுத்தம் விடாமல் இறக்குங்கள். எம் 8க்கு வழக்கமான துளை 6.8 மில்லிமீட்டர். எஸ்எஸ்ஸில் 6.9 போட்டால் மரையின் உயரம் கொஞ்சம் குறையும், டேப்பின் சுமை நன்றாகவே குறையும். ஆனால் மரைக்கான வழக்கமான 6எச் அளவு வரம்பின்படி உள்விட்டம் 6.912ஐத் தாண்டக்கூடாது. உங்கள் டிரில்லிங் மெஷினின் ஸ்பிண்டில் சற்று ஆடினாலும் 6.9 டிரில் அந்த வரம்பைத் தாண்டிவிடும், அப்படியானால் 6.8இலேயே நில்லுங்கள். தகட்டில் ஊடுதுளைதானே? சீவலை முன்னால் தள்ளும் ஸ்பைரல் பாயின்ட் டேப் வாங்குங்கள். எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டேப்பை நிமிடத்துக்கு 4 முதல் 5 மீட்டர் வேகத்தில் ஓட்டலாம். எம் 8க்குக் கணக்குப் போட்டால் 160 முதல் 200 சுற்று. இதெல்லாம் சரியான பிறகும் மரை கிழிகிறது, டேப்பில் எஸ்எஸ் அப்பிக்கொள்கிறது என்றால், அது எண்ணெயின் பொறுப்பு.

அந்த எண்ணெயில் என்னதான் இருக்கிறது? அடிப்படை ஒரு தாது எண்ணெய். அதில் கொழுப்பு எண்ணெயோ எஸ்டரோ கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அது உலோகத்தில் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டும். ஆனால் 150, 200 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படலம் கைவிட்டுவிடும். அதற்கு மேல் குளோரின் கைகொடுக்கும். அதையும் தாண்டிய சூட்டில் கந்தகம். வெட்டுமுனையில் புதிதாகத் திறக்கும் இரும்போடு கந்தகம் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. அந்த மெல்லிய படலம் எளிதில் வழுக்கிப் பிரியக்கூடியது. சீவலும் டூலும் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டாமல் காப்பது அதுதான்.

கந்தகம் இருவகையாக எண்ணெயில் இருக்கும். கொழுப்போடு இறுகப் பிணைந்தது ஒருவகை. வெட்டுமுனையின் சூட்டில்தான் விடுபடும். விற்பவர்கள் இதை இன்ஆக்டிவ் என்பார்கள். மற்றது தளர்வாக இருப்பது, ஆக்டிவ். குறைந்த சூட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடும். எஸ்எஸ், மெதுவான எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) மரை இவற்றுக்கு ஆக்டிவ் வகை அருமையாக உதவும். ஆனால் செம்பு கலந்த எதைக் கண்டாலும் அது விடாது. பித்தளை, வெண்கலம், கன்மெட்டல் எல்லாம் பழுப்பேறிக் கறுத்துப்போகும். வாகைக்குளத்துப் பித்தளையைப் பார்த்து வளர்ந்த ஊரில், கறுத்த புஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் எப்படி மாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புஷ் கறுப்பதுகூடப் பெரிதில்லை, தேய்த்து மினுக்கிவிடலாம். மெஷினுக்குள் இருக்கும் வெண்கலத்தை யார் மினுக்குவது? பல ஹாப்பிங் மெஷின்களில் மேசையைச் சுழற்றும் வோர்ம் வீல் வெண்கலம். பழைய மெஷினில் சீல் தேய்ந்து, கட்டிங் ஆயில் மெல்ல உள்ளே இறங்கும். ஆக்டிவ் கந்தகம் அங்கே நாட்கணக்கில் தங்கினால் பல் அரிக்கும். பல் அரித்தால் நீங்கள் வெட்டும் ஒவ்வொரு கியரின் இடைவெளியும் பிசகும். இஎன் 8க்கு இன்ஆக்டிவ் கந்தகமும் கொழுப்பும் சேர்ந்த எண்ணெயே தாராளம். ஹாப்பிங் தொட்டியில் ஆக்டிவ் எண்ணெயை ஊற்றவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எண்ணெயின் தரவுத்தாளில் "காப்பர் ஸ்ட்ரிப்" என்று ஒரு வரி இருக்கும். ஏஎஸ்டிஎம் டி 130 என்ற சோதனையின் விளைவு அது. 1ஏ, 1பி என்றால் செம்பின் நிறம் ஏறக்குறைய மாறவில்லை. 2 என்றால் சிவந்து, ஊதா ஓடியிருக்கும். 3 இன்னும் கறை. 4 என்றால் கறுப்பு. தொட்டிக்கு வாங்கும் எண்ணெய் 1இல் இருக்க வேண்டும். தாளில் அந்த வரி இல்லாவிட்டால் பட்டறையிலேயே ஒருமாதிரி பார்த்துவிடலாம். ஆய்வகத்தின் துல்லியம் வராது. ஆனால் பட்டறை முடிவுக்கு அது போதும். ஒரு செம்புப் பட்டையை 240 எண் எமரித் தாளில் பளிச்சென்று தேயுங்கள். அசிட்டோனில் துடைத்து உலரவிட்டு, அதன்பின் விரல் படாமல் இடுக்கியால் பிடியுங்கள். உயரமான ஒரு எவர்சில்வர் டம்ளரில் எண்ணெயை ஊற்றிப் பட்டையை முழுக்க அமிழ்த்தி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். சோதனை கேட்கும் சூடு 100 டிகிரி. கொதிநீர் அதைக் கிட்டத்தட்டத் தானே காத்துத் தந்துவிடும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்துப் பாருங்கள். தேய்த்துவைத்த இன்னொரு பட்டையைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மின்சார அடுப்பில், வெளியே, ஆள் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். டம்ளருக்குள் தண்ணீர் தெறிக்கக்கூடாது, எண்ணெயை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. அந்த டம்ளர் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.

எஸ்எஸ் மரைக்கு வாங்கும் சிறிய கேன் மட்டும் ஆக்டிவ் கந்தகமாக இருக்கட்டும். தூரிகையால் டேப்பில் தடவுங்கள். ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. வேலை முடிந்த அன்றே பாகத்தைக் கழுவிவிடுங்கள். கேனில் சிவப்புப் பட்டை அடித்து, பித்தளை வேலை நடக்கும் லேத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

குளோரின் கலந்த எண்ணெயைச் சிலர் எஸ்எஸ்ஸுக்குச் சிபாரிசு செய்வார்கள். வெட்டும் திறனில் குறை சொல்ல முடியாது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஈரம் பட்டால் அது சிதைந்து அமிலமாகித் துரு கிளப்பும். கழிவை எரிப்பதும் தொல்லை. நச்சுப் புகை வரும். குட்டைத் தொடர் குளோரினேற்றப் பாரஃபின்களை 2017இலேயே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நடுத்தரத் தொடர் வகையும் 2025இல் சேர்ந்தது. இன்றைக்குக் கந்தகமும் பாஸ்பரஸும் எஸ்டரும் கொண்டே எம் 8 மரையைச் சுத்தமாகப் போட முடியும்போது, விலகிக்கொண்டிருக்கும் சரக்கில் பணத்தைப் போட வேண்டாம். இன்னொன்று: நாளை மகேந்திரகிரிக்கோ கூடங்குளத்துக்கோ பாகம் செய்துதரும் நிறுவனத்திடமிருந்து உங்களுக்குத் துணை ஆர்டர் வரலாம். விண்வெளி, அணுமின் வேலைகளில் பாகத்தைத் தொடும் எண்ணெயில் குளோரினும் கந்தகமும் எவ்வளவு இருக்கலாம் என்று ஆணைப் பத்திரத்திலேயே வரம்பு வைப்பார்கள். டைட்டானியத்துக்குக் குளோரின் ஆகாது. நிக்கல் கலவையில் கந்தகம் படிந்தபடியே பற்றவைத்தாலோ சூடேற்றினாலோ வெடிப்பு வரும். அந்த மாதிரி வேலைக்கு இந்தப் பதிலைப் பார்க்காதீர்கள். பத்திரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பாகுத்தன்மையைப் பலர் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். கெட்டியாக இருந்தால் நல்ல எண்ணெய் என்ற எண்ணம் தவறு. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்றுதான் தாளில் போட்டிருக்கும். கிரைண்டிங், ஹோனிங் வேலைக்கு 10க்குக் கீழே. ஆழத்துளைக்கு 10இலிருந்து 20. ஹாப்பிங், பிரோச்சிங், கனமான மரைக்கு 20இலிருந்து 40. உங்கள் தொட்டிக்கு 22 அல்லது 32 எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகப் போகப் போகச் சீவலோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய் வெளியே போகும், அது காசு. மெல்லியதாகப் போகப் போக ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் சூடு) இறங்கும், பனி கூடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறை எப்படித் தகிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தொட்டி எண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட் 180 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கறுத்த எண்ணெயெல்லாம் வீரியமானதும் இல்லை, வெளிர்மஞ்சள் எல்லாம் சாதுவும் இல்லை.

வார்ப்பிரும்பு வந்தால் எண்ணெயே வேண்டாம், உலர்வாக வெட்டுங்கள். அதிலிருக்கும் கிராஃபைட்டே வழுக்கலைத் தரும். எண்ணெய் விட்டால் தூளோடு சேர்ந்து களிம்பாகி மெஷின் பாதையை அரைக்கும். பித்தளை புஷ்ஷும் பெரும்பாலும் உலர்வாகவே கடையும். வேண்டுமானால் தொட்டி எண்ணெயில் கொஞ்சம்.

நம் பக்கத்துப் பட்டறைகளின் பழைய வழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். அலுமினியத்தில் டேப் அடிக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது மோசமான யோசனை அல்ல. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தது என்பதால் மற்றத் தாவர எண்ணெய்களைப் போல் சீக்கிரம் பிசின் பிடிக்காது. நாலு துளைக்குக் கையால் தொட்டு வைக்கலாம். தொட்டியில் ஊற்றினால் சிக்குவாடை எடுத்து அமிலமாகும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். ஏறத்தாழ 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடிய சரக்கு அது. நம் வெயிலே அந்த அளவைத் தொடுகிறது. கெட்டியான கட்டிங் ஆயிலை மண்ணெண்ணெய் விட்டு இளக்குவதும் அதே ஆபத்துதான்.

பழைய என்ஜின் ஆயிலைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிறது என்று வாங்கிவந்து டிரில்லுக்கு ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. என்ஜினில் ஓடிய எண்ணெயில் புற்றுநோய் விளைவிக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும். அதில் நாள் முழுக்கக் கையை நனைக்கிறவன் உங்கள் பட்டறைக்கு வேலை பழக வந்திருக்கும் ஐடிஐ பையன். கட்டிங் ஆயிலும் சுத்திகரிப்புக் குறைந்ததாக இருந்தால் இதே கதைதான். அப்படிப்பட்ட தாது எண்ணெய்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கில் ஆட்டோமேட்டிக் லேத் ஓட்டியவர்களுக்கு விரைப்பைத் தோலில் புற்றுநோய் வந்தது மருத்துவப் பதிவுகளில் உள்ளது. எண்ணெயில் ஊறிய உடையே காரணம். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். வாங்கும்போது பாதுகாப்பு விவரத்தாளைக் கேளுங்கள். அதில் ஐபி 346 சோதனையில் பிரிந்துவரும் பங்கு (பல்வளைய ஹைட்ரோகார்பன்களைக் காட்டுவது) 3 சதவீதத்துக்குக் கீழே என்று இருந்தால் அடிப்படை எண்ணெய் நன்கு சுத்திகரித்தது. கையையும் தொடையையும் தொடும் எண்ணெயால் மயிர்க்கால்களில் கரும்புள்ளியும் கொப்புளமும் வரும். சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவ வேண்டும். பெட்ரோலில் கை கழுவினால் தோலின் இயற்கைக் கொழுப்பும் போய், எண்ணெய் இன்னும் எளிதாக உள்ளே போகும்.

வாங்கிய எண்ணெயைக் காப்பதும் முக்கியம். பேரலை வெளியே நிமிர்த்தி வைத்தால் மேல் மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். பகலில் விரியும் காற்று இரவில் சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மூடி வழியாக உள்ளே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனையோ பேரல் இப்படிக் கெட்டிருக்கிறது. படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உருட்டி வையுங்கள். தீர்ந்த எண்ணெயை ஓடையில் விடாதீர்கள். இங்கே எந்த ஓடையும் கடைசியில் ஒரு வயலுக்கோ குளத்துக்கோதான் போகும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, தொட்டிக்கு வேண்டியது இன்ஆக்டிவ் கந்தகமும் கொழுப்பும் சேர்ந்த, குளோரின் இல்லாத, 22 அல்லது 32 சென்டிஸ்டோக் எண்ணெய். காப்பர் ஸ்ட்ரிப் 1. எஸ்எஸ் மரைக்கு ஆக்டிவ் கந்தக டேப்பிங் ஆயில், ஐந்து லிட்டர் போதும். தொட்டி எண்ணெயை முதல் தடவை 20 லிட்டர் கேனாக வாங்கி, பழைய எண்ணெயையும் வண்டலையும் முழுக்கத் துடைத்தெடுத்த தொட்டியில் ஊற்றுங்கள். ஒரே பொருள், ஒரே வேகம், ஒரே ஹாப் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஹாப்பின் பல்முனைத் தேய்மானத்தை லென்ஸில் பார்த்து, எத்தனை கியருக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பேரல் விலையைப் பேசுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் புரட்டுங்கள். விலை கூடிய எண்ணெய் ஒரு ஹாப் தீட்டலை மிச்சப்படுத்தினால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள். இங்கே சொன்ன எண்களைத் தாளில் எழுதிக் கேட்டும் தரவுத்தாள் தர மறுக்கிற கடைக்காரரிடம் மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.